நிற்காத வீணை

யூனிஸின் நோட்டுப் புத்தகத்தில் ஊகத்துக்கு இடம் கிடையாது. கஞ்சி எத்தனை மில்லி உள்ளே போனது, சிறுநீர் எவ்வளவு வந்தது, எத்தனை மணிக்குப் புரட்டிப் படுக்க வைத்தாள், எல்லாம் நீல மையில் இருக்கும். மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் உதவி நர்ஸாக இருந்து பிடித்த பழக்கம். அங்கிருந்து வந்த பிறகு வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டாள். வயது ஐம்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களெல்லாம் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். மேற்குத் தாம்பரத்தில் ஓர் அறை, ஒரு ஸ்டவ். ராத்திரிச் சாப்பாட்டை ஸ்டவ் பக்கத்திலேயே நின்றபடி முடித்துவிடுவாள். ஒரு ஆளுக்கு எதற்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பது?

2008-ல் அவள் பார்த்துக்கொண்ட நோயாளி ஞானாம்பாள். பள்ளிக்கரணையில் மூன்றாவது மாடி ஃபிளாட். ஜன்னலைத் திறந்தால் சதுப்பு நிலமும் கொக்குகளும். ஒரு காலத்தில் கோயில்களில் நவராத்திரிக் கச்சேரி செய்தவர். மே மாதம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போனது. மகன் ஹேமநாத் நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டுக்குத்தான் வருவான். பகல் முழுக்க அந்த வீட்டில் இரண்டு பெண்கள், ஒருத்தியால் பேச முடியாது, இன்னொருத்திக்குப் பேசிப் பழக்கமில்லை.

செப்டம்பர் மூன்றாம் தேதி ஹேமநாத் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்தான். அம்மா பாடிய பழைய கேசட்டுகளையெல்லாம் அதில் ஏற்றி, எந்த ஸ்வரத்துக்கு அப்புறம் எது வருகிறது என்று அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தான். பழையதைத் திருப்பிப் பாடுவதில்லை அது. புதிது புதிதாகத் தானே இட்டுக்கட்டி, வீணைச் சத்தத்தில், மிருதங்கத்தோடு வாசித்துக்கொண்டே இருந்தது.

"அம்மா தனியா இருக்காளேன்னுதான் சிஸ்டர். நான் ஆபீஸ்ல இருந்தாலும் இது பாடிண்டிருக்கும். நிக்கவே நிக்காது."

ஞானாம்பாளின் இடது கை மெல்ல எழுந்து தொடையில் தாளம் போட்டது. நாலு மாதமாகச் சும்மா கிடந்த கை. ஹேமநாத் கண்ணைத் துடைத்துக்கொண்டான். யூனிஸ் நோட்டில் எழுதினாள்: "இடது கை அசைவு நன்று."

பத்து நாளில் அதே நோட்டு வேறு கதை சொன்னது. ஒரு நாளைக்கு ஆயிரத்து நூறு மில்லி குடித்துக்கொண்டிருந்தவர் எழுநூறு, ஐநூறு என்று இறங்கி, முந்நூறில் நின்றார். ஸ்பூனைக் கிட்டே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொண்டு ஆள்காட்டி விரலை உயர்த்துவார். கை மறுபடியும் தாளத்துக்குப் போய்விடும். கஞ்சி ஆடை கட்டிப்போகும்.

சனிக்கிழமை டாக்டர் வந்து பார்த்தார். தொண்டையில் கோளாறில்லை, விழுங்க முடிகிறது, ஆனால் இப்படியே விட முடியாது என்றார். திங்கட்கிழமை காலை மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடலாம்.

யூனிஸ் குழாய் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறாள். பிடுங்கிப் போடாமலிருக்கக் கையைக் கட்டிலோடு கட்டுவார்கள். இந்த அம்மாளுக்கு மிச்சமிருப்பதே ஒரு கை.

டாக்டர் போனதும் நோட்டை ஹேமநாத்திடம் நீட்டினாள். "மூணாந்தேதிலேருந்து பாருங்க சார். உங்க மிஷின் வந்த நாள்."

அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. "ஆபீஸ்ல எல்லாரும் இது பாட்டே இல்ல, வெறும் கணக்குன்னு கிண்டல் பண்றா. இப்ப நீங்களுமா? அம்மாவே தாளம் போடறா சிஸ்டர். அவளைவிடப் பெரிய ஜட்ஜ் யாரு?"

"பாட்டா இல்லையான்னு நான் சொல்லல சார். கஞ்சி உள்ள போகலன்னு சொல்றேன்."

"அப்ப சாப்பாட்டு நேரத்துக்கு நிறுத்திடுங்கோ."

"நிறுத்தியும் பாத்தாச்சு. அப்பவும் விரலைத்தான் காட்டறாங்க."

அதுதான் அவளுக்குப் புரியவில்லை. புதன்கிழமை கரண்ட் போய் இரண்டு மணி நேரம் வீணை வாயை மூடிக் கிடந்தது. அப்போதும் ஞானாம்பாள் கையைத் தொடையிலேயே வைத்துக்கொண்டு, பஸ் வருமா என்று பார்ப்பவரைப் போலக் காத்திருந்தாரே தவிர வாய் திறக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் அன்றைக்குப் பிரசங்கம் நீண்டுவிட்டது. பன்னிரண்டு மணி ட்யூட்டிக்கு நேரமாகிவிட, யூனிஸ் கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்து வந்து வேளச்சேரி பஸ்ஸைப் பிடித்தாள். சேலையூர் தாண்டுவதற்குள் எதையோ விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. பையைத் திறந்து பார்த்தாள். டிபன் பாக்ஸ், குடை, கண்ணாடிக்கூடு எல்லாம் இருந்தன. மேடவாக்கத்தில்தான் பிடிபட்டது. ஆசீர்வாதம் வாங்காமல் அவள் வெளியே வந்ததே இல்லை. அவள் அப்பா மலேரியாக் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே அதுவரைக்கும் உட்கார்ந்திருந்திருக்கிறார். பாதிரியார் கையை உயர்த்திச் சொன்னால்தான் ஆராதனை முடிந்தது. அதுவரை வீட்டில் சோறு வெந்தாலும் சரி, கருகினாலும் சரி.

மூன்று மாடியையும் மூச்சு வாங்க ஏறி, செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "சார், உங்க கச்சேரியெல்லாம் எப்படி முடியும்?"

"மங்களம் பாடி முடிப்பா. ஏன்?"

"இந்த மிஷின் மங்களம் பாடுமா?"

"அதுக்கு முடிவே கிடையாது சிஸ்டர். அதுதானே அதோட ஸ்பெஷாலிட்டி!"

"அம்மா மங்களத்துக்கு முன்னாடி எழுந்து சாப்பிடப் போவாங்களா?"

ஹேமநாத் அம்மாவின் கையைப் பார்த்தான். "சின்ன வயசுல மேடைக்குக் கீழ உக்காந்து பசிக்கறதுன்னு அழுவேன்" என்றான் மெதுவாக. "பாடிண்டே விரலைக் காட்டுவா. மங்களம் ஆகட்டும்னு."

கேசட் பெட்டியைக் கட்டிலடியிலிருந்து இழுத்தார்கள். ஞானாம்பாளின் கையெழுத்தில் ஒன்று: "நவராத்திரி 1989, மங்களம் உட்பட." யூனிஸ் கம்ப்யூட்டரை நிறுத்தினாள். ஹேமநாத் டேப் ரிக்கார்டரில் கேசட்டின் கடைசிப் பகுதிக்கு ஓட்டினான். அம்மாவின் இளவயதுக் குரல் மங்களம் பாடியது. பின்னணியில் யாரோ இருமினார்கள், ஒரு குழந்தை அழுதது. ஞானாம்பாளின் கை கடைசி அடி வரை தாளம் போட்டு, நின்று, படுக்கையில் இறங்கியது. அவர் யூனிஸைத் திரும்பிப் பார்த்தார். வாய் திறந்தது.

நூற்று எண்பது மில்லி. ஒரு சொட்டு வழியவில்லை. ராத்திரிக்குள் இன்னும் மூன்று முறை குடித்தார். ஹேமநாத் டாக்டருக்குப் போன் செய்தான். நாலு நாள் பார்க்கலாம் என்றார்; நாலாம் நாள் குழாய்ப் பேச்சே எடுக்கவில்லை.

அடுத்த வாரம் ஹேமநாத் தன் மிஷினுக்கும் மங்களம் கற்றுக்கொடுத்தான். கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினால், வாசித்துக்கொண்டிருப்பதை அழகாக இறக்கி மங்களத்தில் கொண்டுவந்து முடிக்கும். எந்தப் பட்டன் என்று மறக்காமலிருக்க யூனிஸ் அதன்மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினாள்.

முதல் தடவை அவனும் நின்று பார்த்தான். கஞ்சியின் சூட்டைப் புறங்கையில் விட்டுப் பார்த்து, சரியாக இருந்ததும் யூனிஸ் பட்டனை அழுத்தினாள். வீணை மங்களம் வாசித்து நின்றது. ஞானாம்பாளின் கையும் இறங்கியது. வாய் திறந்தது.

"பாத்தேளா!" என்றான் ஹேமநாத். "கேசட் இல்லாமலே! மிஷினோட சொந்த மங்களம். இப்ப ஒத்துக்கறேளா இது நிஜப் பாட்டுன்னு?"

"நல்லாத்தான் முடிச்சுது சார்" என்றாள் யூனிஸ், ஸ்பூனை உள்ளே விட்டபடி. "ஆனா அம்மாவுக்குப் பசிக்குதுன்னு அதுக்குத் தெரியல. பட்டனை நான்தான் அழுத்துனேன்."

அவன் சிரித்தான். பிறகு அந்தப் பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நீவிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு நாவலூருக்குக் கிளம்பினான்.

மறுநாள் மதியம் வீட்டில் வேறு யாருமில்லை. யூனிஸ் பட்டனை அழுத்திவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றாள். மங்களம் முடிந்ததும் ஞானாம்பாள் கையை உடனே இறக்கவில்லை. கூப்புவதற்கு மறு கை எழாததால், ஒரு கையை மட்டும் நெஞ்சுக்கு நேரே நிமிர்த்தி, கேட்க வந்திருந்தவர்களுக்குத் தலை வணங்கினார். வலமிருந்து இடமாக, வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் யூனிஸிடம் வந்து நின்றார்.

யூனிஸ் கிண்ணத்தைக் கீழே வைத்து, இரண்டு கையையும் கூப்பினாள். எப்போதும் நின்றபடியே ஊட்டுபவள், அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஊட்டினாள்.

அன்றைய நோட்டில் இருப்பது: "1.10. கஞ்சி 220 மில்லி."