வெயிலில் மறைந்த இலக்கம்

அந்தக் காரை வாங்கும்போது நான் இன்ஜினைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த கார். பட்டனை அழுத்தியதும் முன்கண்ணாடியில், பொனட்டுக்கு மேலே மிதப்பதுபோல, வேகத்தின் இலக்கம் பச்சையாக எழுந்து நின்றது. டேஷ்போர்டில் ஒரு பள்ளம். அதிலிருந்து வெளிச்சம் மேலே போய்க் கண்ணாடியில் பட்டு, ஓட்டுகிறவனின் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. பக்கத்து சீட்டுக்கு ஒன்றும் தெரியாது. என் மனைவி எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க சும்மா சொல்றீங்க" என்றாள். கண்டி மார்க்கெட் பக்கம் வாடகைக்கு ஹயர் ஓடுகிற எங்களில் வேறு யாரிடமும் அது இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொஞ்சக் காலம் ஓடிய பிறகுதான் கவனித்தேன். நடுப்பகலில், வெயில் நேராக விழும் இடங்களில், இலக்கம் வெளிறிப் போனது. மர நிழலுக்குள் போனால் திரும்பி வந்தது. அறுபதை நெருங்குகிறவன் இதற்கெல்லாம் காரையா சந்தேகிப்பான்? நான் என் கண்ணைச் சந்தேகித்தேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்த்து, வலது கண்ணில் புரை என்றார்கள். புரை இருந்தது உண்மைதான். அதை எடுத்துவிட்டு லென்ஸ் வைத்தார்கள். குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெளியே தலைகாட்டக் கூடாது என்றார்கள்.

முதலில் வாங்கிய மலிவுக் கண்ணாடி காதை அறுத்தது. கட்டாரில் இருக்கும் மருமகன் உயர்ந்த ரகம் ஒன்றை அனுப்பிவைத்தார். கடலில் மீன் பிடிக்கிறவர்கள் போடுவதாம், தண்ணீரின் பளபளப்பைக்கூட வெட்டிவிடுமாம். போட்டுப் பார்த்தால் ஊரே கழுவித் துடைத்ததுபோல இருந்தது.

இனி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னதும் பழைய ஹயரைத் தொடங்கினேன். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் டீச்சர்மார் மூவரைக் கண்டியிலிருந்து கொண்டுபோய், பகலில் திருப்பிக் கொண்டுவருவது. காலையிலேயே கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டனை அழுத்தினேன். இலக்கம் இல்லை. முன்பு வெளிறத்தான் செய்யும். இப்போது அடியோடு இல்லை. சவுக்கு மரங்களின் நிழலுக்குள் நுழைந்தும் இல்லை.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி மரத்துப்போனது நெஞ்சு. கீழே வழக்கமான மீட்டர் இருந்தது, அதைப் பார்த்து ஓட்டினேன். ரோடு தெரிந்தது, எதிரே வந்த பஸ் தெரிந்தது. பெரிய சாமான்கள் யாருக்கும் தெரியும், சின்னதுதான் முதலில் போகும் என்று எனக்கு நானே டாக்டரானேன். பின்னால் மூன்று உயிர்கள், பக்கத்தில் பள்ளம், வளைவுக்கு மேல் வளைவு.

"என்ன டிரைவர் அண்ணே, இன்னைக்கு இவ்வளவு மெதுவா போறீங்க?" என்று ஒரு டீச்சர் கேட்டார்.

"ரோடு ஈரமா இருக்குங்க டீச்சர்."

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. 

அடுத்த கிளினிக்கில் டாக்டர் எழுத்துகளை வாசிக்கச் சொன்னார். கடைசி வரிக்கு முந்தியது வரை வாசித்தேன். "ஹொந்தய், ஹொந்தய்" என்று சிங்களத்தில் பாராட்டினார். இலக்கத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் வரிசை நெளிந்தது. காற்றில் தொங்கும் இலக்கம் எனக்குத் தெரியவில்லை என்று என் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னால் வேறு வார்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கும்பிட்டுவிட்டு எழுந்தேன்.

"டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொன்னீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"சொன்னேன்" என்றேன்.

கடைசியாக ஒரு நாள், தனியாகப் பல்லேகலைக்குப் போனேன். மைதானத்தின் பக்கம் ரோடு அகலம், மரம் கிடையாது. உச்சி வெயில். காரை ஓரமாக நிறுத்தி, டாக்டரின் சொல்லை மீறிக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். கண் கூசித் தண்ணீர் கொட்டியது. துடைத்துவிட்டுப் பார்த்தேன். முன்கண்ணாடி முழுக்க வெயில்தான் இருந்தது, இலக்கம் இல்லை. மறுபடி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு சாவியைத் தொடவில்லை.

மடவளையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு தம்பி காரைக் கேட்டு வந்தார். மாலை நேரம். அவர் ஓட்ட, நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். "மாஷா அல்லாஹ், நம்பர் என்னா தெளிவா தெரியுது!" என்றார். நான் முன்கண்ணாடியைப் பார்த்தேன். எனக்கு மரங்களும் மதில்களும் தெரிந்தன. ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டபோது, கண் சரியில்லை என்று உண்மையைச் சொன்னேன். "அல்லாஹ் லேசாக்குவான் அண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கார் ஒழுங்கையைக் கடந்து போனபோது மனைவி குசினிக்குள் போய் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. டீச்சர்மார் வேறு வேன் பிடித்துக்கொண்டார்கள். நான் சாப்பிட்டேன், தூங்கினேன், டீவியில் ஓடுவதைப் பார்த்தேன். என்ன ஓடியது என்று கேட்டால் தெரியாது.

ஒரு பகல் அந்தத் தம்பி போன் எடுத்தார்.

"அண்ணே, ஒரு விஷயம் செல்லணும். புதுசா ஒரு கூலிங் கிளாஸ் எடுத்தேன், நல்ல சாமான். அதப் போட்டா கார்ல நம்பர் காணாமப் போகுது. கழட்டினா வருது. கார்ல ஏதும் பிழையா?"

நான் கதிரையில் உட்கார்ந்தேன்.

"நிழல்லயும் அப்படித்தானா தம்பி?"

"கிளாஸ் போட்டா நிழல்லயும் இல்ல. கழட்டினா பளிச்சுன்னு ஈக்கி. உச்சி வெயில்ல மட்டும் கழட்டினாலும் தெரியுதில்ல. உங்களுக்கும் இப்பிடித்தானா ஈந்திச்சு?"

"ஆமா தம்பி, எனக்கும் அப்படித்தான். காருல பிழை இல்ல."

"அப்ப சரி அண்ணே. நான் பயந்துபோனேன்" என்று சிரித்தார். வைக்கப் போனவர், மரியாதைக்கு நிறுத்திக் கேட்டார்: "கண்ணு இப்ப எப்பிடி ஈக்கி அண்ணே?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றேன்.