அப்பாவுக்காக ஒரு சொசைட்டியையே பழக்கிய செலின் அக்கா

செலின் அக்கா போய்விட்டார்.

காலையில் அவருடைய மகள் நாகர்கோவிலிலிருந்து போன் செய்தாள். தூக்கத்திலேயே போய்விட்டார் என்றாள்.

இதைப் படிக்கிறவர்களில் அவரைத் தெரிந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர்தான் இருப்பீர்கள். பரவாயில்லை, இன்றைக்குத் தெரிந்துகொள்ளுங்கள்.

மெட்ரோ வருவதற்கு முந்தைய துவாரகா, தலைநகரின் ஒரு ஓரம். எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் எல்லா பிளாக்கும் ஒரே அச்சு, ஒரே படிக்கட்டு, ஒரே ஜன்னல். நல்ல மூளை உள்ள நாங்களே பிளாக் மாறி ஏறுவோம்.

அப்பாவுக்கோ மறதி நோய் ஆரம்பித்திருந்தது. ரிடையர் ஆகிப் பல வருஷம் ஆகியும் தினமும் காலையில் பேன்ட், ஷூ போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிடுவார். லோதி ரோடு ஆபீசுக்குப் போக சார்ட்டர்ட் பஸ் வரும் என்று கேட்டில் நிற்பார்.

"நீங்க ரிடையர் ஆயாச்சு, ஆயாச்சுன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று அம்மா கத்துவாள். அவர் பதிலுக்குக் கத்துவார். அப்புறம் அம்மா ஒரு நாள் கதவுக்கு வெளியே புதுசாக ஒரு தாழ்ப்பாள் அடித்துப் பூட்டிவிட்டாள்.

அப்பா உள்ளே கதவைத் தட்டித் தட்டி அழுதார். அந்தச் சத்தம் கேட்டு மேல் மாடியிலிருந்து இறங்கி வந்தவர்தான் செலின் அக்கா. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூளை நரம்பு வார்டு நர்ஸ். டூட்டி முடித்து வந்து, யூனிபார்ம்கூட மாற்றவில்லை.

"பூட்டாண்டாம்மா" என்றார் அம்மாவிடம். "புதுசா நீங்க சொல்லுதது எதுவும் அவியளுக்கு மூளையில தங்காது. ஆனா பயம் தங்கும். எதுக்குப் பயந்தோம்னு மறந்துரும்... பயம் மட்டும் உள்ளயே கெடக்கும், கேட்டியளா?"

அம்மாவுக்குக் கோபம். "ரோட்டுல போயி அடிபட்டா நீங்க வருவேளா?"

"வருவேன். நான் மட்டும் இல்ல, எல்லாரையும் வர வைக்கேன்."

வைத்தார்! அடுத்த ஞாயிறு சொசைட்டி ஹாலில் மீட்டிங். செக்யூரிட்டி, இஸ்திரிக்காரர், காய்கறி விற்கிற சப்ஜிவாலா, கிட்டி பார்ட்டி ஆன்ட்டிகள் எல்லாரும் ஆஜர். நாகர்கோவில் வாடை அடிக்கும் ஹிந்தியில் மூளை எப்படி வேலை செய்கிறது என்று பாடம்.

தாத்தாக்கள் யாராவது குழம்பி நின்றால் மறுத்துப் பேசாதீர்கள். நமஸ்தே சொல்லுங்கள், அவர் போகிற பக்கமே நாலடி கூடப் போங்கள், அப்புறம் பேச்சோடு பேச்சாகத் திருப்புங்கள். வீட்டுக்கே வந்துவிட்டால் உட்கார வைத்து டீ கொடுங்கள். இவ்வளவுதான் பாடம்.

எங்கள் பிளாக் வாசலுக்கு மட்டும் பளிச்சென்று மஞ்சள் பெயின்ட் அடிக்க வைத்தார். எழுத்து குழம்பினாலும் நிறம் பிடிபடும் என்பது அவர் கணக்கு. "பூரா லுக் கராப் ஹோ ஜாயேகா", மொத்த அழகும் கெட்டுப்போகும் என்று செக்ரட்டரி குப்தாஜி புலம்பியது எதுவும் எடுபடவில்லை.

அப்பா அந்த மஞ்சளைப் பார்த்துப் பார்த்து வீடு வந்து சேர்ந்தார். நிஜமாகவே வந்தார்.

அப்புறம் தீபாவளிக்கு வெள்ளையடித்தார்கள்... புது கமிட்டி, யாரையும் கேட்காமல் எல்லா வாசலுக்கும் ஒரே க்ரீம் கலர்.

அன்று மதியம் அப்பாவைக் காணோம்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பெங்களூரிலிருந்து அண்ணன் போனில், "போதும்டி. கிடைச்சதும் ஹோம்ல சேர்த்துடலாம். நானே வந்து கூட்டிண்டு போறேன்" என்றான். அப்பாவை ஒரு கட்டிலும் கம்பிக் கதவுமாக நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

நான் மெயின் ரோட்டுக்கு ஓடப் பார்த்தேன். செலின் அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஓடாண்டாம் மக்ளே. அவிய வீட்டுக்குத்தான் போயிருப்பாவ, பிளாக்குதான் மாறியிருக்கும். மூணாவது மாடி, இடது பக்கக் கதவு... காலுக்குப் பழக்கம், அது மறக்காது."

அம்மாவும் சேர்ந்து ஒவ்வொரு பிளாக்காக ஏறினோம். கடைசி பிளாக்கில், மூன்றாவது மாடி இடது கதவைத் திறந்த சட்டா ஆன்ட்டி உதட்டில் விரல் வைத்தார். "தீரே போலோ பேட்டா, சாஹப் அபீ ஆபீஸ் ஸே ஆயே ஹை." சார் இப்போதுதான் ஆபீசிலிருந்து வந்திருக்கிறாராம், மெதுவாகப் பேச வேண்டுமாம்!

உள்ளே சோபாவில் அப்பா. ஷூ கழற்றி, பனியனோடு, கையில் டீ.

அம்மாவைப் பார்த்ததும் அதட்டினார். "எங்க போயிட்ட நீ? யாரையோ வேலைக்கு வெச்சிருக்கியே, காபி போடவே தெரியல இவளுக்கு."

ஒரு வார்த்தை தமிழ் தெரியாத சட்டா ஆன்ட்டி "ஜீ, ஜீ" என்று தலையாட்டினார். அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

அன்று சாயந்திரம் தாழ்ப்பாளை அம்மாவே ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கழற்றினாள். அண்ணனுக்கும் அவளே போன் போட்டு, "உங்கப்பா இங்கதான் இருப்பார், நீ டிக்கெட் எடுக்க வேண்டாம்" என்றாள்.

செலின் அக்கா நேராக கமிட்டிக்காரர்கள் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டார். தீபாவளி ராக்கெட் விடுகிற நேரத்துக்குள் வாசல் மறுபடி மஞ்சள்.

அதற்கப்புறம் பல வருஷம் அப்பா தினமும் இறங்கினார், தினமும் ஏறினார். என் பெயர் மறந்து போனது, அம்மா பெயர் மறந்து போனது. கடைசி வாரம் வரைக்கும் நடந்தார், சொந்தக் காலில், திறந்த கதவு வழியாக.

அப்பா போன அன்று ஆபீஸ் நண்பர்கள் என்று யாருமே வரவில்லை... தொடர்பு விட்டுப்போய் எவ்வளவோ காலமாகியிருந்தது. ஆனால் படிக்கட்டில் நிற்க இடமில்லை. பக்கத்து செக்டர் பால் பூத்காரர், ஸ்கூல் வேன் டிரைவர், நான் முகமே பார்த்திராத ஒரு சர்தார்ஜி.

அப்பாவை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். ஒரு நாள் அவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்து வீட்டில் விட்டேன் என்று.

ரொம்ப நன்றி செலின் அக்கா. பத்திரமாப் போங்க.