தோற்றவன் கொடுக்க வேண்டிய படம்

யுத்த காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் எனக்கு ஒரு போட்டோ கார்டு கொடுத்தான். பேஸ்பால் ஆட்டக்காரனாம், தோளில் கட்டையைச் சாய்த்து நின்றான். அந்த ஆட்டம் ராயபுரத்தில் எங்கள் தெருவில் எவனுக்கும் தெரியாது. யாரையோ அடிக்கத்தான் நிற்கிறான் என்று முடிவுகட்டினோம்.

அதிலிருந்து பிடித்தது பைத்தியம். நம் ஊர் பாக்ஸர்களுக்கும் அந்த மாதிரி கார்டு உண்டு. ஸ்டூடியோக்காரர் சண்டைக்கு முன்பே படம் எடுத்துவிடுவார். பின்னால் எடுத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. சண்டை நடக்கும் கொட்டகை வாசலில் வேர்க்கடலையோடு விற்கும். எல்லாவற்றையும் வாங்கி பிஸ்கட் டின்னில் வைத்திருந்தேன். எண்ணெய்க் கையோடு தொட்டவனை அறைந்திருக்கிறேன்.

என் அண்ணனும் பாக்ஸர். அவன் படம் விலைபோகாது என்று ஸ்டூடியோக்காரர் ஒரே ஒரு பிரதிதான் போட்டுத் தந்தார். அப்புறம் நெகட்டிவ் இருந்த கண்ணாடித் தகடும் உடைந்துபோனது. அண்ணனுக்கு வேறு படமே கிடையாது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். தோற்றவன் தன் படத்தில் கையெழுத்துப் போட்டு ஜெயித்தவனுக்குக் கொடுக்க வேண்டும். ஜெயித்தவன் வீடு தேடி வந்து வாங்கிப் போவான். வராவிட்டால், நீயெல்லாம் ஒரு ஆளா என்று சொன்ன மாதிரி.

வியாசர்பாடிக்காரன் ஒருவனோடு அண்ணனுக்குச் சண்டை. பாதியிலேயே அண்ணனின் இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. ரத்தத்தை வடித்தால் பார்வை வரும் என்பது கொட்டகை வைத்தியம். அண்ணனின் மூலையில் உதவிக்கு நின்ற எங்கள் மாமா பிளேடால் இமையைக் கீறிவிட்டார். மணி அடித்ததும் அடுத்தடுத்து நாலு குத்து அந்தக் கீறலிலேயே விழுந்தது. அண்ணன் குப்புற விழுந்தான். கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் நல்ல கண்ணையும் சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள்.

மறுவாரம் அந்த வியாசர்பாடிக்காரன் சாத்துக்குடிப் பையோடு வாசலில் நின்றான்.

"வாத்தியார் கீறாரா, நைனா? படம் வாங்கிக்கினு போலாம்னு வந்தேன்."

"கண்ணப் புடுங்கிட்ட. மூஞ்சியும் வோணுமாடா?"

முதல் அடியில் அவன் உதடு பிளந்தது. அடுத்ததில் மூக்கு எலும்பு நொறுங்கியது என் முஷ்டிக்கே தெரிந்தது. நினைத்திருந்தால் ஒரே குத்தில் என்னைக் கிடத்தியிருப்பான். கையைத் தூக்கவே இல்லை. அது எனக்கு இன்னும் வெறியேற்றியது. கீழே தள்ளி விலாவில் உதைத்தேன். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

அண்ணன் சுவரைத் தடவிக்கொண்டு வந்தான்.

"திருப்பி அடிக்கிற சத்தமே காணோம்? கையத் தொங்கப் போட்டவன அடிக்கிறியா, கய்தே!" குரல் வந்த பக்கம் விட்ட அறை என் காதில் சரியாக விழுந்தது. "அந்த டின்ன எடுத்தா."

"ஒன்னுதாண்ணே கீது. குடுத்துட்டா உன் மூஞ்சியே இல்ல."

"தோத்தது நீயா, நானா?"

எடுத்து வந்தேன். படத்தில் அண்ணனுக்கு இரண்டு கண்ணும் இருந்தன. வந்தவன் அண்ணனின் கையைப் பிடித்துப் பேனாவைச் சரியான இடத்தில் வைத்தான். கையெழுத்து கோணலாக ஓடியது. அவன் ரத்தக் கையை லுங்கியில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கிக்கொண்டான்.

அண்ணன் அவன் முகத்தை விரலால் தடவினான். விரல் மூக்கில் நின்றது.

"இது அன்னிக்கு நான் ஒடச்சதா?"

வந்தவன் என்னைப் பார்த்தான். மூக்கிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆமா வாத்தியாரே. நீ ஒடச்சதுதான்."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். படத்தைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.