ஊசி நாட்களில் குடித்த தண்ணீர்

ஊசி போட்ட மூன்று மணி நேரத்தில் குளிர் வரும். இரண்டு கம்பளிக்கு அடியில் கிடப்பேன். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் நான்காம் மாடி வீடு. மசாலா அரைக்கும் ஆலையின் இரைச்சல் சன்னல் வழியே ஏறிவந்து காய்ச்சலில் கலக்கும். கட்டில் கடல்மேல் மெல்ல நகர்வதுபோல் இருக்கும்.

எண்பதுகளின் நடுவில் அது. என் இடது சிறுநீரகத்தையும் அதன்மேல் தொப்பிபோல் இருந்த சுரப்பியையும் கட்டியோடு எடுத்துவிட்டார்கள். நுரையீரலில் மூன்று புள்ளிகள் மிஞ்சின. அவற்றுக்காக வாரம் மூன்று ஊசி, இண்டர்ஃபெரான்.

"உடம்பு தன் காவல்காரர்களை எழுப்ப அனுப்புகிற சேதி இது. நாங்கள் வெளியிலிருந்து அனுப்புகிறோம்" என்றார் சீன டாக்டர். சேதி மூளைக்கும் எட்டுமாம். மூளை வலப்பக்கம் மிஞ்சிய சுரப்பியை உசுப்ப, கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் ஏறும். சில வாரங்களில் அடங்கவேண்டும். அடங்காவிட்டால் ஊசி நின்றுவிடும். பிறகு புள்ளிகளுக்கு வேறு மருந்தில்லை.

காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுப்பார்கள். அதற்குமுன் அரைமணி நேரம் அசையாமல் படுக்கவேண்டும். படி ஏறினாலே அந்த ஹார்மோன் ஏறிவிடும். கண்ணை மூடி, பதறக்கூடாது, பதறக்கூடாது என்று பதறிக்கொண்டே மிதப்பேன். ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீரையும் கேனில் கொண்டுபோவேன்.

ஆறாம் வாரம் கால் வீங்கியது. ரத்த அழுத்தம் ஏறியது, பொட்டாசியம் இறங்கியது. சிறுநீரில் கார்ட்டிசால் அதிகம். ரத்தத்தில் மட்டும் சரியாக இருந்தது. டாக்டர் தாள்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். "நிறுத்தவேண்டி வரும்போல" என்றார்.

வெளியே தமிழ்த் தாதி கேட்டார்: "அங்கிள், வேற என்ன சாப்பிடுறீங்க?"

தினமும் எழுதிவைக்கும் நோட்டை நீட்டினேன். மாத்திரை, கோப்பி, தண்ணீர், எல்லாம் அளவோடு.

"தண்ணி ரெண்டு லிட்டர். வெறும் தண்ணியா?"

"வெறும் தண்ணிதான்மா" என்றாள் என் மனைவி. "தொண்டை காயுதுன்னாரு. அதிமதுரம் ரெண்டு துண்டு தட்டிப்போட்டுக் கொதிக்கவைப்பேன்."

"ஆன்ட்டி! அது வெறும் தண்ணியா லா?"

"பின்ன மருந்தா? மருந்துன்னா இவரே எழுதியிருப்பாரே. நான் தும்முனாக்கூட எழுதுற மனுஷன்."

தாதி உள்ளே ஓடினார். டாக்டர் எழுந்தே வந்துவிட்டார். சிறுநீரகம் கார்ட்டிசாலைச் செயலிழக்கச் செய்யும். அந்த வேலையை அதிமதுரம் தடுக்கும். சுரப்பது சரியான அளவாக இருந்தாலும் உடம்பு அதிகம் சுரந்ததுபோல் நடந்துகொள்ளும்.

"ஊசி இருக்கட்டும். அதிமதுரத்தை மட்டும் நிறுத்திப் பார்ப்போம்."

அந்த நான்கு வாரமும் என் மனைவி வெந்நீரைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் தந்தாள். நான்காம் வார முடிவில் எல்லா எண்களும் சரியான அளவுக்கு வந்தன. "தொடரலாம்" என்றார் டாக்டர். அன்றைய ஊசியும் ஏறியது.

வீடு திரும்பும் பேருந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்தது. படகுகள் போய்விட்ட ஆற்றில் வெயில் மட்டும் அலைந்தது. என் மனைவி என் பாதங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"செருப்பு லூசாயிருச்சுங்க" என்றாள்.