டிரம் மேல் ரவை

எங்கள் வீட்டில் மேசை கிடையாது. அதனால் கிறிஸ்துமஸ் வந்தால், வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் கோஷ்டியின் பெரிய டிரம்தான் எங்களுக்கு மேசை. ஜோகுபாளையத்தில் எங்கள் முன்னறையில்தான் பாட்டுப் பயிற்சி நடக்கும். பயிற்சி முடிந்து எல்லோரும் போனதும், அம்மா டிரம்மைப் படுக்கவைத்து, அதன் மேல் துணி விரித்து, கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கலுக்கு மாவு உருட்டச் சொல்வாள். கோஷ்டிக்குத் தலைவர் மாமா. அவருக்கு மட்டும் இது தெரியாது.

அந்த வருடம் மாமா என்னை எல்லோர் முன்னாலும் நிறுத்திவிட்டார்.

"கொஞ்சம் ஜோரா பாடும்மா. எறும்பு காதுல ரகசியம் சொல்றியா? ஞாயித்துக்கெழமைக்குள்ள கொரல் வரலேன்னா, நீ வூட்லயே கல்கல் தின்னுகினு இரு."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தி மட்டும் சிரிக்கவில்லை; அவளுக்குக் கேட்காது. சின்ன வயதில் காய்ச்சல் வந்து காது போய்விட்டது. எப்போதாவது அவள் தொண்டையிலிருந்து தடித்த குரல் ஒன்று வரும். தெருப் பிள்ளைகள் அதைச் செய்துகாட்டிச் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு வாயை இறுக்கிக்கொண்டாள். பேச்செல்லாம் கையும் கண்ணும்தான்.

மறுநாள் நானும் சித்தியும் கல்கல் உருட்டி முடித்துத் துணியை எடுத்தோம். டிரம் தோலில் ரவை சிந்திக் கிடந்தது. அதை ஊதித் தள்ள, பாட்டு வரியை முணுமுணுத்துக்கொண்டே குனிந்தேன். ரவை துள்ளியது.

முதலில் பார்த்தது சித்திதான். என் கையைப் பிடித்து இழுத்தாள். என் வாயைத் தொட்டாள், ரவையைத் தொட்டாள். இன்னொரு தரம் என்று விரலால் காட்டினாள்.

நிமிர்ந்து மெல்லப் பாடினேன். ஒன்றும் அசையவில்லை. தலையாட்டி மறுத்தாள். வாயைத் திறந்து ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்தேன். ரவை ஓடியது. சும்மா ஓடவில்லை, கோடு கோடாகப் போய்ச் சேர்ந்து, பொடிப் பொடிப் பூவிதழாக நின்றது. சுரத்தை மாற்றினால் பழைய இதழ் கலைந்து வேறொன்று வந்தது. சித்தி கை தட்டினாள். சித்திக்குப் பாட்டைக் காட்டுகிறேன் என்ற நினைப்பில் எனக்கு வெட்கம் மறந்தே போனது.

அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள்: "யாருடி அது, ரேடியோ போட்டது?" வந்து பார்த்துவிட்டு, "ஐயோ, உங்க மாமன் பாத்தான்னா டிரம்ம வுட்டுட்டு நம்மளத்தான் அடிப்பான்!" என்றாள். ஆனால் டிரம்மை எடுக்கவில்லை. இன்னும் ஒரு பிடி ரவை கொண்டுவந்து போட்டாள்.

அந்த வாரம் தினமும் பாடினேன். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது முன்னறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மாடு கத்துவதுபோல் ஏதோ சத்தம். "வுடு, அவ இஷ்டத்துக்கு இருக்கட்டும்" என்று அம்மா என்னை அடுப்படிக்குத் திருப்பிவிட்டாள். பிறகு சித்தி கதவைத் திறந்தாள். டிரம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. அவள் பாவாடையில் மட்டும் ரவை.

ஞாயிற்றுக்கிழமை, ரவை இல்லாத டிரம்மையே பார்த்துக்கொண்டு பாடினேன். மாமா டிரம் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"அடிப்பாவி, இத்தினி நாளு இத எங்க ஒளிச்சி வச்சிருந்தே?"

முன்வரிசையில் என்னை நிறுத்தினார். இன்றைக்கும் அதை நினைத்தால் முதுகு தானாக நிமிர்கிறது.

வருடா வருடம் வாசலுக்குக் காகித நட்சத்திரம் செய்வது சித்திதான். அந்த முறை தெருவைப் பார்த்த பக்கத்தில் என் பொடி இதழ்களை அப்படியே கத்தரித்து வைத்திருந்தாள். உள்ளே விளக்குப் போட்டதும் தெருவே நின்று பார்த்தது. யாரோடும் பேசாத நான், வருகிறவர்களிடமெல்லாம் "அது என் பாட்டு" என்றேன். ஒருவரும் நம்பவில்லை. நம்பாவிட்டால் என்ன?

வீட்டைப் பார்த்த பக்கத்தில் வேறு வடிவம்: ஒன்றுக்குள் ஒன்றாக அகலமான வளையங்கள். இது என்ன என்று கையால் கேட்டேன். சித்தி சிரித்து, என் வாயைப் பொத்தினாள். சும்மா அழகுக்கு என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் பேத்தி போனில் ஒரு படம் காட்டினாள். தகட்டில் மணலைத் தூவிச் சத்தம் கொடுக்கிறார்கள். கீச்சுச் சத்தத்துக்குப் பொடிக் கோடுகள் நெருக்கமாக வந்தன. தடித்த சத்தத்துக்கு அகலமான பெரிய வளையங்கள்.

"இன்னொரு தரம் போடு கண்ணு" என்றேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வாசல் நட்சத்திரத்தில் பாடியது நான் ஒருத்திதான் என்று இத்தனை காலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் பாடியிருக்கிறோம்.