ஜோர்டானில் மூன்று சப்பாத்தி

இப்போது டீக்கடையில் யாராவது போனில் ஏதோ ஒரு நாட்டுச் சண்டையைக் காட்டி, "நீங்க இன்னா சொல்றீங்க?" என்று கேட்டால், டீ ஆறுகிறது என்று நழுவிவிடுவேன். ஒரு காலத்தில் நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

குவைத்துக்குள் ஈராக் பட்டாளம் நுழைந்தது ஓர் ஆடி மாதம். எனக்கு வேலை எதுவும் இல்லை. அதனால் அந்தப் போரை எடுத்துக்கொண்டேன். பாகூர் டீக்கடை மேசையில் சிந்திய டீயைத் தொட்டு வளைகுடாவை வரைவேன். கடலூரைத் தாண்டாதவன், டாங்கி எந்த வழியாக வரவேண்டும் என்று விரலால் காட்டுவேன். கடைக்காரர் கந்தல் துணியோடு வருவார்.

"ஏம்பா ஜெனரலு, கைய எடு. குவைத்த தொடைக்கணும்."

என் அக்கா புருஷன் அந்தக் குவைத்தில்தான் கம்பி கட்டும் வேலையில் இருந்தார். பட்டாளம் நுழைந்ததிலிருந்து கடிதம் இல்லை. களை பறித்துவிட்டு வரும் வழியில் அக்கா கடை வாசலில் நிற்பாள்.

"ரேடியோ இன்னாடா சொல்லுது?"

"சண்டையெல்லாம் அந்தாண்டக்கா. மாமா இருக்கறது இந்தாண்ட."

எது எந்தாண்ட என்று எனக்கே தெரியாது.

புரட்டாசியில், அங்கிருந்து தப்பி ஜோர்டானில் விமானம் ஏறிய ஒருவர் அரியூருக்குத் திரும்பினார். சைக்கிள் மிதித்துப் போனேன். மாமாவின் போட்டோவை வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "பார்க்கல தம்பி. முகாம்ல எல்லார் மூஞ்சியும் ஒரே மாதிரிதான் இருந்துச்சி."

திரும்பும்போது அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"மாமாவப் பார்த்தாராம்க்கா. ஜோர்டான் முகாம்ல. மூணு சப்பாத்தி துன்னுட்டு உன்ன விசாரிச்சாராம்."

சும்மா பார்த்தார் என்றால் நம்பமாட்டாளோ என்று சப்பாத்தியையும் சேர்த்தேன். அன்று அவள் பல நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டாள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பொங்கல் வாரத்தில் விமானங்கள் குண்டு போட ஆரம்பித்தன. மாசியில் போர் முடிந்தது. கடையில் கிரிக்கெட் பேசத் தொடங்கிவிட்டார்கள். மாமா வரவில்லை. மாமாவைத் தேடி அரசாங்கத்துக்கு நாங்கள் போட்ட மனுக்களுக்கு 'விசாரிக்கிறோம்' என்று பதில் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

அடுத்த வருஷ மாசி மகத்துக்கு, இறந்தவர்களுக்குத் திதி கொடுக்க ஜனம் கூடும் திருக்காஞ்சி ஆற்றங்கரைக்கு மாமாவின் அண்ணன் எங்களை அழைத்துப் போனார்.

"இருந்தா இத்தினி நாள்ல வந்திருக்க மாட்டானாம்மா? செய்ய வேண்டியத செஞ்சிடலாம்" என்றார்.

அக்கா நகரவில்லை. "உயிரோட இருக்கறவருக்கு எவனாவது திதி குடுப்பானா? தோ, என் தம்பிய கேளுங்க. பார்த்த ஆளு அரியூர்ல இருக்காரு."

"அப்ப வாடா, அந்த ஆள போய்ப் பார்க்கலாம்" என்று அவர் என் தோளில் கை வைத்தார்.

மாதக்கணக்கில் டீக்கடையில் போர் நடத்தியவன் நான். தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"அவரு பார்க்கலக்கா. நான்தான் சொன்னேன்."

அக்கா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"அவருக்குத்தான் சப்பாத்தியே புடிக்காதேடா" என்றாள். "பசிக்குத் துன்னிருப்பாருன்னு நெனச்சிக்கினேன்."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். மாமாவின் அண்ணன் இலையில் எள்ளை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனார்.