ராணி சாட்சியில் சொல்லாமல் விட்டது

சபையாருக்கு என் அன்பு. பக்கத்து வீட்டு ராணிமேல் நான் எவ்வளவு பொறாமைப்பட்டேன் என்று சொன்னால்தான், ஆண்டவர் எனக்குச் செய்த நன்மை உங்களுக்கு விளங்கும்.

நாங்கள் இருப்பது புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். என் மகள் ஜெனிக்கு முதலில் தொண்டைவலியும் காய்ச்சலும் வந்தன. பிறகு முழங்கால் வீங்கியது. அது வற்றியதும் முழங்கை வீங்கியது. எண்ணெய் தேய்த்தோம். தானாகவே போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தோம். சில மாதங்களில் பிள்ளைக்கு மேடு ஏற மூச்சு வாங்கியது. தொண்டையில் தொடங்கிய அந்தக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட்டதாம். மேலும் கெடாமலிருக்க மாதாமாதம் ஊசி போட வேண்டும், அதுவும் வருடக்கணக்கில் என்றார்கள் கண்டி ஆஸ்பத்திரியில். நான் உடைந்துபோனேன்.

ராணியின் மகள் மெர்சிக்கும் இதே நோய்தான். ஆனால் ஒரு ஞாயிறு ராணி சபையில் எழுந்து, "கர்த்தர் எம்புள்ளயத் தொட்டு சுகமாக்கிட்டாரு" என்று சாட்சி சொன்னாள். சபையே அழுதது. மெர்சி முன்வரிசையில் நின்று பாடினாள். எனக்கு வயிறு எரிந்தது. நானும் அதே சபைதான், அதே உபவாசம்தான்!

அடுத்த கிளினிக் நாள் காலையில் ஜெனி எழும்பவில்லை. "மெர்சிக்குச் செஞ்ச ஆண்டவர் எனக்கும் செய்யட்டும். எனக்கு ஊசி வேணாம்மா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கெஞ்சினேன், திட்டினேன். அசையவில்லை. அடுப்படியில் முழங்கால் போட்டு அழுதேன். "ராணி வீடு தெரிஞ்ச உமக்கு, பக்கத்துக் கதவு தெரியலயா ஆண்டவரே?"

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மெர்சியோடு ராணி நின்றாள்.

"அக்கா, கண்டிக்கு ஊசிக்குத்தானே போறீங்க? நாங்களும் வர்றோம். இவ்வளவு நாளும் கம்பளையில தம்பி வீட்டுல நின்னு, அங்க ஆஸ்பத்திரியில போட்டோம். அவன் இப்ப கொழும்புக்குப் போயிட்டான்."

"மெர்சிக்குத்தான் சுகமாயிருச்சே?"

"சுகமாத்தான் இருக்கா. ஊசிய நிப்பாட்டினா அந்தக் காய்ச்சல் திரும்ப வந்துருமாம். அதச் சாட்சியில சொன்னா விசுவாசம் இல்லன்னு நெனப்பாங்களேன்னு விட்டுட்டேன்க்கா."

ஜெனி எழுந்து உட்கார்ந்தாள். "மெர்சி, ஒனக்கும் வலிக்குமா?"

"நல்லா வலிக்கும். வா."

அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள். ஜெனிக்கு அந்தக் காய்ச்சல் திரும்ப வரவில்லை. ஆண்டவருக்கு நன்றி, அந்த ஊசிக்காகவும் நன்றி. அவரை நம்புங்கள், ஊசியை நிறுத்தாதீர்கள்.

ராணியின் சாட்சிக்கு நீங்கள் அழுத அழுகை எனக்கு இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது. பரவாயில்லை. என் சாட்சிக்கு யாரும் அழ வேண்டாம். வீட்டுக்குப் போனதும் பிள்ளைக்குத் தொண்டை வலிக்கிறதா என்று கேளுங்கள். வலித்தால் நாளைக்கே மருந்துக்குக் கூட்டிப் போங்கள்.